ரிசேர்வில இருக்கிற என்ர மகளுக்கு

பிள்ளை,

போனில இதைத் திறந்து நீளத்தைப் பார்த்தவுடன, ‘அப்பா, டூ லோங்!’ எண்டு நீ கத்துறது எனக்கு இஞ்சயே கேக்குது. கத்து. ஆனா வாசி. சனிக்கிழமை சனிக்கிழமையா உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதுக்கு இண்டைக்குத்தான் வட்டியோட அறவிடுறன். வாசிச்சு முடிச்சாப் பிறகு ஆருக்கு வேணுமெண்டாலும் அனுப்பு, உன்ர சிநேகிதியளுக்கும் அனுப்பு. எனக்கு ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை.

வாற சனிக்கிழமை நீ வெளிக்கிடுறாய். பசிபிக் தீவில புயல் பிடுங்கி எறிஞ்ச பள்ளிக்கூடத்தையும் பாலத்தையும் திரும்பக் கட்ட உன்ர ஆக்களோட போறாய். போறதுக்கு முதல் காம்பில குடும்பங்களைக் கூப்பிட்டு வழியனுப்புவினம், வாங்கோ எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் மெசேஜ் போட்டனீ. எனக்கு அது பிரச்சினையே இல்லை. என்ர சேர்ட் அயன் பண்ணி மாட்டியாச்சு. அம்மாவுக்குத் தனியா இன்னொரு மெசேஜ் போட்டனீ: ‘இட்ஸ் ஓகே அம்மா, யூ டோன்ட் ஹாவ் டு கம்.’ அந்த ஓகேக்குள்ள எவ்வளவு ஆசை கிடக்குது எண்டு எனக்குத் தெரியாதே? அம்மா ரெண்டு மெசேஜையும் பார்த்திட்டுப் போனைக் கவிட்டு வைச்சவ. ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. ஆமிக் காம்ப் வாசலைத் தாண்டி அவ உள்ளுக்கு வருவாவோ மாட்டாவோ எண்டதுதான் இந்தக் கிழமை முழுக்க எங்கட வீட்டுக் கதை. ஏன் இவ்வளவு கஷ்டம் எண்டு உனக்கு அரைகுறையாத்தான் தெரியும். மிச்சத்தை அம்மாட்டக் கேட்டுப்போட்டுத்தான் எழுதுறன்.

முதலில அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லோணும். யூனிவர்சிற்றியில ரெண்டாம் வருஷம் படிக்கேக்க நீ புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் குழைச்சுக்கொண்டே, ‘ஐ ஜொயின்ட் தி ஆமி ரிசேர்வ்’ எண்டு சொன்னனீ. பகுதிநேர ஆமியாம், எதோ ஜிம்மில சேர்ந்த மாதிரி! நீ சொன்னது இங்கிலிஷில. எங்களுக்குக் கேட்டது தமிழில. ஆமி எண்டது எங்களுக்கு ஒரு வேலையின்ர பேரில்லை, குஞ்சு. ‘ஆமி வாறான்’ எண்டு ஒழுங்கை முனையில ஒருத்தன் சொன்னா, அடுப்பில கிடந்த சோத்தை அப்பிடியே விட்டிட்டு ஓடின ஆக்கள் நாங்கள். இஞ்ச வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும், யுத்தத்தில செத்த படையாக்களை நினைக்கிற அன்சாக் நாளில ரிவியில அணிவகுப்புப் போனா அம்மா எழும்பிக் குசினிக்குள்ள போய்த் தேத்தண்ணி போடுவா. ஒருத்தரும் கேக்காத தேத்தண்ணி. அண்டைக்கு நீ சொல்லி முடிச்சவுடன உன்னை ஒரு பார்வை பார்த்தவ, பிறகு, ‘படிப்பு என்னத்துக்குக் குறைஞ்சது?’ எண்டு மட்டும் கேட்டவ. நான் கத்தினனான். விசர், மூளை கலங்கினவள் எண்டெல்லாம் சொன்னனான். நீ தட்டைக் கழுவி வைச்சிட்டு, ‘செவ்வாய்க்கிழமை பின்னேரம் கார் வேணும் அப்பா’ எண்டனீ. பிடிவாதத்தில நீ ஆரைக்கொண்டு பிறந்தனியோ தெரியாது. அம்மா என்னைத்தான் பார்க்கிறவ.

அதுக்குப் பிறகு நடந்த கூத்தை நினைச்சா இப்பவும் எனக்குச் சிரிப்பு. மேய்ஸ் ஹில் கோயிலில பூசை முடிஞ்சு சாப்பாட்டு வரிசையில நிக்கேக்க, வென்ற்வேர்த்வில் அன்ரி, அதுதான், ஊரிலுள்ள எல்லாப் பிள்ளையளின்ர மார்க்ஸும் பாடமா வைச்சிருக்கிறவ, ‘மகள் இப்ப என்ன செய்யிறா?’ எண்டு அம்மாட்டக் கேட்டவ. அம்மாவுக்குப் பொய் வராது. உண்மையும் வாயில வரேல்லை. ‘படிக்கிறா... ரிசேர்விலயும் இருக்கிறா’ எண்டு இழுத்தவ. அன்ரி விட்டாவே? ‘ரிசேர்வ் பாங்கிலயோ! அதுக்குள்ள எடுபடுறது லேசில்லையே!’ எண்டு பின்னால நிண்ட ஆக்களுக்கும் திரும்பிச் சொல்லிப்போட்டா. அம்மா தலையை ஆட்டினவவோ, சாம்பார் வாளிக்காரனுக்கு வழி விட்டவவோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஆனா அண்டையிலயிருந்து சிட்னித் தமிழருக்கு நீ பாங்க்காரி. வீட்டுக்கடன் வட்டி குறையுமோ எண்டு என்னை நிப்பாட்டிக் கேட்ட ஆக்கள் எத்தினை பேர்! நானும், ‘அவள் ஒண்டும் வெளியில சொல்ல மாட்டாள், ரகசியம்’ எண்டு முகத்தை இறுக்கி வைச்சுக்கொண்டு சொன்னனான். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறது எண்டால் இதுதான். உன்ர சீருடையைக் கொல்லைக் கொடியில போட விடாமல், கராஜுக்குள்ள ஒரு கயிறு கட்டிக் காயப்போட்டனாங்கள். நீயும் ஈரம் காயாமல் மணத்த உடுப்போட போய் வந்தனீ.

ஒளிச்சு வைக்கிறது என்னெண்டாவது தெரிஞ்சிருக்கோணுமெண்டு, பரமட்டா லைப்ரரியில இருந்து வாசிக்கத் தொடங்கினனான். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலையிலயே காலம் போன எனக்கு உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது? இது ஒரு நாடாகிறதுக்கு முந்தி, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா எண்டு தனித்தனிக் கொலனியா இருக்கேக்க, இங்கிலாந்துப் படை கப்பலேறிப் போயிட்டுது. பிறகு காவலுக்கு ஆர்? கொலனிக்கு ஒரு படையா அவையவையே வைச்சுக்கொண்டவை. அதில கொஞ்சப் பேர்தான் முழுநேரம். மிச்சம் முழுக்கக் கிளாக்கரும் கடைக்காரரும் குதிரைக்கு லாடம் அடிக்கிறவனும். வேலை முடிஞ்சு வந்து, ஊர் மண்டபத்தில அணிநடை பழகிப்போட்டு, விடிஞ்சாத் திரும்ப அதே கடை, அதே கணக்கு. நாடு ஒண்டானாப் பிறகு எல்லாத்தையும் ஒரு குடைக்குக் கீழ கொண்டு வந்தவை. பேர் எத்தினையோ தரம் மாறினது. ஆனா பழைய கொலனிக் கோடு இன்னும் முழுக்க அழியேல்லை. இப்பவும் நியூ சவுத் வேல்ஸுக்கு ஒரு பிரிகேட், விக்டோரியாப் பக்கத்துக்கு வேற பிரிகேட். அதுக்குக் கீழ பட்டாலியன், கொம்பனி எண்டு பிரிஞ்சு பிரிஞ்சு வந்து, கடைசியில எங்கட சபேர்பில பேக்கரிக்குப் பின்னால ஒரு தகரக் கூரை மண்டபத்தில முடியுது. அந்த மண்டபத்தை நான் எத்தினை தரம் காரில தாண்டிப் போயிருப்பன்! பாட்மின்ரன் கோர்ட் எண்டெல்லோ நினைச்சனான்.

உந்தப் பகுதிநேரக்காரரை முழுநேரக்காரர் ‘சொக்கோ’ எண்டு பழிச்ச கதையை வாசிக்கேக்க எனக்குக் கோபம் வந்திட்டுது. சொக்லேட் சோல்ஜராம், வெயில் பட்டா உருகிப் போவினமாம். அப்ப சட்டத்தின்படி அவையளை வெளிநாட்டுச் சண்டைக்கு அனுப்ப ஏலாது. நியூ கினி இந்த நாட்டின்ர ஆட்சிக்குள்ள இருந்தபடியா அங்க மட்டும் அனுப்பலாம். ரெண்டாம் உலக யுத்தத்தில ஜப்பான்காரனோட சண்டை நியூ கினி மலைக்கே வந்தது. கொக்கோடாப் பாதையில, சேத்துக்குள்ள, மழைக்குள்ள, முழுநேரப் படை வந்து சேருமட்டும் பிடிச்சு நிண்டது ஆர்? இந்தச் சொக்கோ. விக்டோரியாப் பக்கத்துப் பெடியள், பாதிப் பேருக்கு மீசையும் ஒழுங்கா முளைக்கேல்லை. லைப்ரரியில இருந்துகொண்டு நான் தனிய, ‘சொக்கோ ஆரெண்டு பார்த்தியோடா!’ எண்டு சத்தமாச் சொல்லிப்போட்டன். பக்கத்தில பேப்பர் வாசிச்ச சீனாக்கார மனுஷன் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். நீ சொக்கோவெண்டா நான் சொக்கோவின்ர தகப்பன், அவ்வளவுதான்.

ஆனா என்ர மனத்தைத் திருப்பினது அந்த மலைச்சண்டை இல்லை. உங்கட சார்ஜன்ட்தான். நீ புதுசாச் சேர்ந்து நிக்கேக்க உன்னை வெயிலுக்குள்ள ஓட விட்ட அந்த மனுஷன், பிறகு நீ கவுன்சிலில எஞ்சினியரா வேலைக்குப் போன இடத்தில உனக்குக் கீழ வேலை செய்யிற ஆளாக் கிடைச்சாரெல்லோ? அப்ப நீ இன்னும் லெஃப்டினன்ட் ஆகேல்லை; செவ்வாய் பின்னேரம் பயிற்சியில நீ அவருக்கு ‘யெஸ் சார்ஜன்ட்.’ புதன் காலமை அவர் கொண்டு வாற வடிகால் படத்தைப் பிழையெண்டு திருப்பி அனுப்புறது நீ. ஒருநாளும் ரெண்டு பேரும் ஒண்டுக்குள்ள மற்றதைக் கொண்டு வரேல்லை எண்டு நீ சொன்ன நேரம், எனக்கு வியப்பாப் போச்சு. நாங்கள் கண்ட ஆமிக்குப் பக்கத்து வீடு எண்டு ஒண்டு இருந்ததில்லை, பிள்ளை. அவங்கள் எங்கையோ இருந்து வந்தவங்கள், எங்கட பாஷை தெரியாதவங்கள், நாளைக்குக் காலமை எங்கட முகத்தில முழிக்கத் தேவையில்லாதவங்கள். உன்ர செக்ஷனில பிளம்பரும் பள்ளிக்கூட வாத்தியாரும் மெரிலான்ட்ஸ் லெபனான்காரக் கடைப் பெடியனும். அவையள் ஒரு பிழை விட்டா, அடுத்த நாள் அதே தெருவில பாண் வாங்க வரோணும். அந்த வெக்கம் ஒரு பெரிய காவல் எண்டு நான் நினைக்கிறன். துவக்கை விட அதுதான் ஊரைக் காப்பாத்தும்.

கொரோனா நேரம் எங்கட மேற்கு சிட்னியைப் பூட்டி வைச்சு, பொலிஸோட ஆமியும் வீடு வீடாப் போய்க் கதவு தட்டினது உனக்கு மறக்குமே? நீயும் போனனீ. வீட்டில ஒண்டும் சொல்லாமல், சாப்பாட்டுப் பெட்டி குடுக்கப் போறன் எண்டு மட்டும் சொன்னனீ. என்ன நடந்ததெண்டு எங்களுக்குத் தெரிய வந்தது, கோயில் திரும்பத் திறந்தாப் பிறகுதான். சாப்பாட்டு மேசையில எங்களுக்கு முன்னால இருந்த ஒரு மனுஷி, ரூங்காபியில தனிய இருக்கிறவ, கதை சொல்லத் தொடங்கினவ. ‘கதவைத் தட்டினவங்கள். யன்னலுக்குள்ளால பாத்தா ஆமி உடுப்பு. அப்பிடியே கதவுக்குப் பின்னால நிலத்தில இருந்திட்டன். பிறகு வெளியில ஒரு பெட்டைக் குரல், தமிழில. “அன்ரி, பயப்பிடாதேங்கோ. நாங்கள் படியில இருந்து இறங்கித் தள்ளி நிக்கிறம். நீங்கள் ஆறுதலாத் திறவுங்கோ, இல்லாட்டிச் சாமானை வைச்சிட்டுப் போறம்” எண்டு. அவள் தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு புல்லுக்குள்ள நிண்டவள். மற்றப் பெடியனையும் தள்ளி நிப்பாட்டினவள். ஆற்ற பிள்ளையோ தெரியாது. வடிவான தமிழ்.’

நான் வாயில வைக்கப் போன வடையைத் திரும்பத் தட்டில வைக்கிறன். வென்ற்வேர்த்வில் அன்ரி எங்களுக்குப் பக்கத்திலதான். ‘எங்கட பிள்ளையள் ஆமிக்குப் போகுதுகளே? விசர்க்கதை’ எண்டு அவ தொடங்கினவ. அம்மா கை கழுவப் போறதுக்கு எழும்பினவ, எழும்பின இடத்திலேயே நிண்டு, ‘அது என்ர பிள்ளை’ எண்டவ. ‘பாங்க்?’ எண்டு அன்ரி. ‘பாங்க் இல்லை. ஆமி. ஆமி ரிசேர்வ். என்ர பிள்ளைதான் உங்கட கதவில நிண்டது.’ அந்த ரூங்காபி மனுஷி எழும்பி வந்து அம்மாட ரெண்டு கையையும் பிடிச்சவ, எச்சில் கையோட. வீட்டை வந்து அம்மா முதல் செய்த வேலை, கராஜுக்குள்ள போய் அந்தக் கயித்தை அவிட்டது. உன்ர சீருடையைக் கொண்டு போய்க் கொல்லையில, நல்ல வெயிலில விரிச்சவ. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு எண்டு சொல்லுவினம், நான் அதைச் சொல்லேல்லை. நீ எனக்குப் பிள்ளையாப் பிறக்காமல், அந்தக் கதையை நான் ஆரோ சொல்லக் கேட்டிருந்தாலும், இந்தப் பெட்டையைப் பெத்தவங்கள் குடுத்து வைச்சவங்கள் எண்டுதான் நினைச்சிருப்பன். பெருமையா இருக்குது, பிள்ளை. சொல்லிப்போட்டன்.

அதனால உனக்குப் புத்தி சொல்லுறதுக்கு என்னட்டப் பெரிசா ஒண்டுமில்லை. ஒண்டே ஒண்டு சொல்லுறன். நீ போற தீவில உன்னை ஆரும் பயத்தோட பார்த்தா, ‘நான் உதவி செய்யத்தானே வந்தனான்’ எண்டு மனதுக்குள்ள கோவிக்காதை. உன்னைத் தெரிஞ்சு பயப்பிடேல்லை, அந்த உடுப்பைத் தெரிஞ்சு பயப்பிடுகினம். வெள்ளைக்காரர் வர முந்தியே இந்த நாட்டு மண்ணுக்குச் சொந்தக்காரரா இருந்த ஆதிக்குடியளுக்கும் சீருடையைக் கண்டா நினைவு வாறதுக்குக் காரணம் இருக்குது. அண்டைக்கு ரூங்காபியில படியிறங்கி நிண்டியே, அப்பிடியே எல்லா வாசலிலயும் நில். மற்றபடி சாப்பாட்டைக் கவனி. அங்க தருவாங்கள் எண்டு சொல்லி மிளகாய்த்தூள் பக்கற்றை வைச்சிட்டுப் போகாதை.

இனி அம்மாட கதை. உன்ர கனடா மாமாவை ஒருநாள் ஆமிக்காரர் ஊரைச் சுத்திவளைச்சுப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், அவர் பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு. அம்மாவும் அம்மம்மாவும் நாள் தவறாமல் பக்கத்து ஊர்க் காம்ப் வாசலுக்குப் போனவை. வாசலில நிக்கிறவனுக்குத் தமிழ் தெரியாது. அம்மாதான் முன்னுக்கு நிண்டு மாமாட முழுப்பேரைச் சொல்லுறது. அவன் அதைக் கோணலாத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பான். பிறகு கையால, போ, நாளைக்கு வா எண்டுவான். அம்மா அடுத்த நாளும் போய் அதே பேரைச் சொல்லுவா. மழைக்குள்ளயும் நிண்டு சொன்னவ. அந்தக் கேற் ஒருநாளும் திறக்கேல்லை. மாசக் கணக்காப் போய், மாமா ஒருநாள் தன்பாட்டில வீட்டை வந்து சேர்ந்தார். அவரை வைச்சிருந்தது வேற எங்கையோ தூரத்தில. அம்மா நிண்ட காம்பில அவர் ஒருநாளும் இருக்கவேயில்லை. அவர் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை, அம்மாவும் கேக்கிறேல்லை. நீ எங்கள் ரெண்டு பேருக்கும் அனுப்பின மெசேஜில ‘கேற்றில வந்து பேர் சொல்லுங்கோ’ எண்டு இருந்ததெல்லோ, அதாலதான் அம்மா போனைக் கவிட்டவ. இதுதான் காரணம். உன்னில கோபமில்லை, குஞ்சு.

நேற்று அம்மா மாமாவோட கன நேரம் கதைச்சவ. மாமா கடைசியா ஒண்டுதான் கேட்டவராம். ‘அங்க ஆரைப் பாக்க வந்தனீங்கள் எண்டு கேப்பாங்களோ?’ ‘ஓம்’ எண்டிருக்கிறா. ‘அப்ப போய் வடிவாச் சொல்லு.’

இண்டைக்குக் காலமை என்னட்ட வந்து, ‘உள்ளுக்கு விடுவினம்தானே?’ எண்டு கேட்டவ. பேர் குடுத்து வைச்சிருக்கிறாள், விடுவினம் எண்டன். ‘என்னெண்டு சொல்லோணும்?’ எண்டவ. உன்ர பதவியைச் சொல்லி, சேர்ட்டில தைச்சிருக்கிற பேரைச் சொல்லோணும் எண்டன். சொல்லிப்போட்டுத்தான் எனக்கு விளங்கினது. உன்ர சேர்ட்டில இருக்கிறது உன்ர பேரில்லையே. எங்கட வழக்கப்படி தகப்பன் பேர்தானே உனக்குக் கடைசிப் பேர். ஆமிக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தவன்ர பேரைத்தான் நீ ஆமிச் சேர்ட்டில நெஞ்சுக்கு மேல தைச்சுக்கொண்டு திரியிறாய். அம்மாவுக்கு அதில வேற கரைச்சல். கலியாணம் கட்டின நாளில இருந்து அவ என்ர பேரை வாயால சொன்னதில்லை. எனக்கு ‘இஞ்சேருங்கோ.’ மற்றவைக்கு ‘இவர்.’ டொக்டரிட்டப் போனாலும் என்ர கார்ட்டை நீட்டுவாவே தவிர, பேர் சொல்ல மாட்டா. இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு இது பகிடி. அவவுக்கு அது பழகின மரியாதை.

இதை நான் எழுதிக்கொண்டிருக்க, அவ குசினிக்குள்ள நிண்டு சொல்லிப் பழகிறா. ‘லெஃப்டினன்ட்’ வடிவா வருது. அதுக்குப் பிறகு நிக்குது. சிரிக்கிறா. திரும்பவும் ‘லெஃப்டினன்ட்.’ திரும்பவும் நிக்குது. பைப்பைத் திறக்கிற சத்தம், பூட்டுற சத்தம். இப்ப, இந்த வரியை எழுதேக்க, முழுசாச் சொல்லிப்போட்டா. நல்ல சத்தமா, ஒரு எழுத்தும் விடாமல், என்ர பேர். வாழ்க்கையில முதல் தரம் அவ கூப்பிட்டுக் கேக்கிறன். நான் என்னை அறியாமல், ‘ஓம்?’ எண்டு எழும்பிப்போட்டன்.

‘உங்களை ஆர் கூப்பிட்டது?’ எண்டு அங்கயிருந்து சத்தம் வருது. ‘நான் என்ர பிள்ளையைப் பாக்க வந்தனான்.’

அப்பா